உரைகல்லில் தேய்க்கக் கூடாத தங்கம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிழக்கே போனால் கோயம்புத்தூர் ராஜ வீதி, மேற்கே போனால் திருச்சூர். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நம் பக்கத்து ஆட்களுக்குத் தங்கம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தராசில் ஒரு எடை, உரைகல்லில் ஒரு கோடு, மாற்று என்ன, இன்றைக்குப் பவுன் என்ன விலை, அவ்வளவுதான். நகைக்கு இது போதும். ஆனால் 1908-இல் அச்சான அமெரிக்க ஐந்து டாலர் காசை இதே முறையில் பார்த்தால், தங்க விலைக்கு மேல் அதற்கு இருந்த மதிப்பு அந்த ஒரு கோட்டிலேயே போய்விடும். விளிம்பில் உரைத்த தழும்பைக் காசு தெரிந்தவர் எவரும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

முதலில் நம் கணக்குக்கே வருவோம், அது சுலபமாகப் பிடிபடும். பவுன், சவரன் என்று நாம் சொல்வது பிரிட்டிஷ் சவரன் காசிலிருந்து வந்தது. அதன் எடை 7.988 கிராம், 22 காரட். அதை முழுசாக்கி 8 கிராம் ஒரு பவுன் என்று வைத்துக்கொண்டோம். மலையாளத்தில் 'பவன்'. அமெரிக்கக் காசு 22 காரட் இல்லை. ஆயிரத்துக்கு 900 பங்கு தங்கம், மீதி 100 பங்கு பெரும்பாலும் செம்பு. அதாவது 21.6 காரட். ஐந்து டாலர் காசின் எடை 8.359 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.52 கிராம். 916 கணக்குக்கு மாற்றினால் 8.21 கிராம், ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டரை டாலர் சரியாக அதில் பாதி. பத்து டாலர் 16.718 கிராம். இருபது டாலர் 33.436 கிராம், 916 கணக்கில் 32.85, நாலு பவுனும் முக்கால் கிராமுக்கு மேலும். '21.6தான் இருக்கு, மாற்று கம்மி' என்று கடையில் விலையைக் குறைத்தால் குழம்ப வேண்டாம். எடை கூடுதலாக இருப்பதால் ஐந்து டாலர் காசில் சவரனைவிட 0.2 கிராம் சுத்தத் தங்கம் அதிகமாகவே இருக்கிறது.

இது உருக்கினால் கிடைக்கும் விலை. இதற்கு மேலே வருவது காசின் மதிப்பு. அது மூன்று விஷயத்தைப் பொறுத்தது: எந்த ஆண்டு, எந்த நாணய அச்சகம், எந்த நிலை. இவற்றில் நிலைதான் மற்ற இரண்டையும் தூக்கவும் செய்யும், கவிழ்க்கவும் செய்யும்.

இந்தக் காசுகள் பிறந்த காலத்து அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குத் தன் நாட்டுக் காசுகள் கண்ணில் பார்க்கவே பிடிக்கவில்லை. பழைய கிரேக்கக் காசுகளைப் போல மேடு பள்ளம் தெரிய வேண்டும் என்று சிற்பி அகஸ்டஸ் செயின்ட் கோடன்ஸைப் பிடித்தார். பத்து டாலருக்கும் இருபது டாலருக்கும் அவர் உருவம் வடித்தார். 1907 ஆகஸ்டில் இறந்துபோனார். காசு புழக்கத்துக்கு வந்ததைப் பார்க்கவில்லை. இருபது டாலரின் முதல் வடிவம் அவ்வளவு உயரமான புடைப்பு. ஒரே அழுத்தில் உருவம் முழுசாக விழாது, ஒரே காசைத் திரும்பத் திரும்ப அச்சில் வைக்க வேண்டியிருந்தது. ரோம எண்ணில் ஆண்டு பொறித்த அந்த 1907 காசு ஏறக்குறைய 12,000 மட்டுமே வந்தது. பிறகு அச்சக முதன்மைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் புடைப்பைத் தட்டையாக்கினார். அந்தத் தட்டை வடிவம்தான் 1933 வரை ஓடியது. 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகம் முதலில் இல்லை. 1908-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுச் சேர்க்க வைத்தது. அதனால் 1908 காசுகளில் வாசகம் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை.

ஐந்து டாலரும் இரண்டரை டாலரும் வேறொருவர் கைவண்ணம். பாஸ்டன் சிற்பி பேலா லயன் பிராட் 1908-இல் செய்தது. ஒரு பக்கம் இறகு முடி அணிந்த செவ்விந்தியர் தலை, மறுபக்கம் நிற்கும் கழுகு. இரண்டு காசுக்கும் ஒரே உருவம்தான், அளவு மட்டும் வேறு. பெரும்பாலான காசில் உருவம் மேலே எழும்பி நிற்கும். இதில் உருவம் தளத்துக்குள் பதிந்திருக்கிறது. வெற்றுத் தளம்தான் காசின் மிக உயர்ந்த இடம். ஐந்து டாலர் 1908 முதல் 1916 வரையும் பிறகு 1929-இலும், இரண்டரை டாலர் 1908 முதல் 1915 வரையும் 1925 முதல் 1929 வரையும் வந்தன.

காசு வெளிவந்த உடனே பிலடெல்பியாக் காசு வியாபாரி சாமுவேல் சாப்மன், பள்ளத்தில் அழுக்குச் சேரும், அதில் நோய் பரவும் என்று ரூஸ்வெல்ட்டுக்கே எழுதினார். நோய் பரவியதோ இல்லையோ, அழுக்கு சேரத்தான் செய்தது. நூறு வருஷம் கழித்து அந்த அழுக்குதான் நமக்குச் சாட்சி. இறகுகளின் இடுக்கிலும் எழுத்துகளின் உள்ளேயும் லேசான கருமை இருந்தால் காசை யாரும் தேய்த்துக் கழுவவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். இடுக்கெல்லாம் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அமெரிக்காவில் தரம் 1 முதல் 70 வரை எண்ணில் சொல்வார்கள். 1949-இல் வில்லியம் ஷெல்டன் பழைய செம்புக் காசுகளுக்குப் போட்ட அளவுகோல் அது, பிறகு எல்லாக் காசுக்கும் வந்துவிட்டது. 40, 45 என்றால் புழங்கினாலும் நல்ல நிலை. 50 முதல் 58 வரை ஏயூ, அதாவது கொஞ்சம்தான் கைபட்டது. 60 முதல் எம்எஸ், புழக்கத்துக்கே போகாதது. இந்த 58-க்கும் 60-க்கும் நடுவில்தான் பணம் போகிறது, சண்டையும் வருகிறது.

சாதாரணக் காசில் தேய்மானம் எங்கே என்று பார்ப்பது எளிது, உயர்ந்த இடம் முதலில் மழுங்கும். இருபது டாலரில் நிற்கும் பெண்ணின் மார்பு, முன்னே வந்த இடது முழங்கால், மூக்கு. மறுபக்கம் கழுகின் சிறகு மேல்பாகம். முழங்காலில் நிறம் மாறி மந்தமாக இருந்தால் அது புழங்கிய காசு, விற்பவர் எம்எஸ் என்று எவ்வளவு சொன்னாலும். பதிந்த உருவம் உள்ள ஐந்து டாலரில் இந்த வழி பாதிதான் உதவும். உருவம் பள்ளத்துக்குள் ஒளிந்திருப்பதால் இறகுகள் கூர்மையாகவே நிற்கும், அதற்குள் சுற்றியுள்ள தளம் தேய்ந்துபோயிருக்கும். புதிதாக வாங்குபவர் ஏமாறும் இடம் இதுதான்: உருவம் தெளிவாக இருக்கிறதே என்று 62-க்கான விலை கொடுப்பார், காசு 55-இல் நிற்கும்.

அதனால் ஐந்து டாலரை ஒளியை வைத்துத்தான் தரம் பார்க்க வேண்டும். ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பரவிய வெளிச்சத்தில் எந்தக் காசும் அழகாகத்தான் தெரியும். மேசை விளக்கில் 60 வாட் குண்டு பல்பு ஒன்று, அல்லது அதே மாதிரி ஒரே புள்ளியிலிருந்து வரும் மஞ்சள் எல்இடி. கீழே மடித்த துணி, தவறி விழுந்தால் தாங்கும். காசை விளிம்பில் மட்டும் இரண்டு விரலால் பிடித்து, விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள். அச்சிலிருந்து வந்தபடியே இருக்கும் தளத்தில் ஒளி உடையாமல் விசிறிபோல ஓடும். தேய்ந்த இடத்தில் ஓட்டம் நின்று, அங்கே ஒரு மங்கல் திட்டு தெரியும். செவ்விந்தியரின் கன்ன எலும்பு, முகத்துக்கு எதிரே இருக்கும் வெற்றுத் தளம், கழுகின் தோள் ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்றிலும் ஒளி ஓடினால் எம்எஸ். கன்னத்தில் மட்டும் நின்றால் 58. தளத்தின் நடுவிலும் நின்றால் 55-க்குக் கீழே. தரம் பார்க்க 5 முதல் 7 மடங்கு லென்ஸ் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் எல்லாக் காசும் குப்பையாகத் தெரியும். பத்து மடங்கு லென்ஸை எடுக்க வேண்டியது போலியா என்று பார்க்கும்போதுதான்.

புழங்காத காசிலும் கீறல் இருக்கும். மூட்டையில் ஒன்றோடொன்று மோதிப் பயணம் செய்த காசுகள் அவை. ஐந்து டாலரில் தளமே மேலே இருப்பதால் மோதலெல்லாம் அங்கேதான் விழும். இந்த வரிசையில் 65 எண் வாங்கிய காசு அரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணம். விலை 63-இலிருந்து 65-க்குப் போகும்போது சட்டென்று தாவுகிறது. மோதல் தழும்பு குட்டையாக, ஒழுங்கில்லாத திசைகளில் இருக்கும். ஒரே திசையில் மயிரிழைபோல நீளமான கோடுகள் கூட்டமாகத் தெரிந்தால் அது துணியால் துடைத்தது. முன்னதைக் குறை என்று கழித்து, தரம் பார்க்கும் நிறுவனத்தார் எண் கொடுப்பார்கள். பின்னதற்கு எண்ணே கிடைக்காது, 'டீட்டெயில்ஸ்', அதாவது சேதப்பட்டது, என்று எழுதித் தந்துவிடுவார்கள்.

துடைப்பது நம் வீடுகளில் அன்பால் நடக்கிற காரியம். பூந்திக்கொட்டை ஊறிய நீரும் பழைய பிரஷ்ஷும், இல்லாவிட்டால் புளி, இல்லாவிட்டால் ஆசாரியிடம் கொடுத்து மெருகு. வளையலுக்குச் செய்வதைக் காசுக்கும் செய்கிறோம். பட்டறையில் அமிலத்தில் முக்கினால் மேல்பரப்பில் உள்ள செம்பு கரைந்து, இளஞ்சிவப்பு கலந்த இயல்பான நிறம் போய், 24 காரட் போல வெறும் மஞ்சள் மிஞ்சும். பார்க்கப் புதிதாக இருக்கும், ஆனால் அச்சு கொடுத்த தோல் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழியும் இல்லை. செம்பு சரியாகக் கலக்காத இடத்தில் வரும் பழுப்புச் சிவப்புப் புள்ளிகளையும் விட்டுவிடுங்கள். அவை காசோடு பிறந்தவை, சுரண்டினால் குழி விழும். ஒரே ஒரு கழுவல்தான் அனுமதி: எண்ணெய்ப் பிசுக்கோ பிளாஸ்டிக் பசையோ இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் போட்டு, தேய்க்காமல் எடுத்து, தானாக உலர விடுவது. கண்ணாடிப் பாத்திரத்தில், ஜன்னல் திறந்து, அடுப்புக்கும் விளக்குக்கும் தூரத்தில் வைத்துச் செய்யுங்கள். அசிட்டோன் தங்கத்தைத் தொடாது, ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும்.

இன்னொரு நம்மூர்ச் சேதம் காசுமாலை. சவரனைக் கோத்த மாதிரியே அமெரிக்கக் காசையும் வளையம் பற்றவைத்துக் கோப்பதுண்டு. பிறகு வளையத்தை எடுத்து அரம் போட்டுச் சமன் செய்துவிட்டால் முகப்பில் எதுவும் தெரியாது. அதனால் காசை முகப்பில் பார்ப்பதற்கு முன் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். உருவத்தின் தலைக்கு நேர் மேலே வரிப்பற்கள் நசுங்கியோ, இல்லாமலோ, அங்கே மட்டும் நிறம் வெளிறியோ இருந்தால் அங்கே வளையம் இருந்திருக்கிறது. இருபது டாலரில் விளிம்பில் பற்கள் கிடையாது, புடைத்த எழுத்துகளும் நட்சத்திரங்களும்; ஒரு எழுத்து மழுங்கியிருந்தாலும் கேள்வி கேளுங்கள். இந்த இடத்தில் ஒரு பயத்தையும் தீர்த்துவிடலாம். சவரனைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கம் நேராக வரும். அமெரிக்கக் காசைப் பக்கவாட்டில் திருப்பினால் தலைகீழாகத்தான் வரும், மேலிருந்து கீழாகத் திருப்ப வேண்டும். அது அந்நாட்டு வழக்கம், போலியின் அடையாளம் இல்லை.

போலிக்கு வருவோம். நம் ஆட்களுக்கு ஏற்றுக்கொள்ளக் கஷ்டமான விஷயம் இதுதான்: தங்கம் அசலாக இருக்கும், காசு போலியாக இருக்கும். கடந்த நூற்றாண்டின் நடுவில் பெய்ரூட் பக்கத்தில் சரியான மாற்றில், சரியான எடையில் ஏராளமாக அச்சடித்தார்கள். தங்கத்துக்கும் காசுக்கும் உள்ள விலை வித்தியாசம்தான் அவர்கள் லாபம். அப்படிப்பட்டதை உரைகல் பிடிக்காது, ஹால்மார்க் மையத்துக் காரட் மெஷினும் பிடிக்காது; 900 என்றுதான் சொல்லும். ஆனாலும் மெஷின் சோதனை வேண்டும், மெல்லிய முலாம் பூசியதை அது தள்ளிவிடும். கடையில் காசை நீட்டும்போதே, 'அண்ணா, உரைக்க வேண்டாம், மெஷின்ல மட்டும் வைங்க' என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கை பழக்கத்தில் கல்லுக்குத்தான் போகும்.

அடர்த்தியை வீட்டிலேயே பார்க்கலாம். 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும்; 0.01 தராசில் வரும் பிழை ஐந்து டாலர் காசுக்கு அதிகம். முதலில் காசை எடை போடுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீருள்ள டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. 17.2 அளவில் வர வேண்டும். ஐந்து டாலருக்குத் தராசு 0.48-இலிருந்து 0.49-க்குள் காட்டும், இருபது டாலருக்கு 1.94 அருகில். பதிந்த உருவக் காசில் இது அடிக்கடி தப்பாக வருவதற்குக் காரணம் காற்றுக் குமிழி. இறகுப் பள்ளங்களில் குமிழி ஒட்டிக்கொண்டால் கன அளவு கூடி, அசல் காசே 16-க்கு இறங்கிப் பயமுறுத்தும். நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, காசை ஒரு முறை முக்கி எடுத்து மறுபடி விடுங்கள். முடிந்ததும் சுத்த நீரில் அலசி, மென்துணியில் ஒற்றி எடுக்க வேண்டும், துடைக்கக் கூடாது.

எடையும் அடர்த்தியும் சரியாக வந்த பிறகுதான் பத்து மடங்கு லென்ஸ். போலி அச்சைப் பெரும்பாலும் ஒரு அசல் காசிலிருந்து பிரதி எடுப்பார்கள். அந்தக் காசில் இருந்த குழி, பிரதியில் பிறந்த எல்லாக் காசிலும் அதே இடத்தில் வரும். அதனால் தளத்தில் ஒரு பள்ளம் தெரிந்தால் அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். உண்மையான மோதல் பள்ளத்தின் உள்ளே உலோகம் நசுங்கிப் பளபளக்கும். பிரதியெடுத்த பள்ளத்தின் உள்ளே சுற்றியுள்ள தளத்தின் அதே மணல் தன்மை இருக்கும். செவ்விந்தியரின் கழுத்தணிக்குப் பின்பக்கத் தளத்தில் புழுப்போல எழும்பிய கோடுகள், போலி அச்சைத் திருத்தியவன் உளி விட்ட தடம். இந்த வரிசைப் போலிகளில் அடிக்கடி தென்படும். எழுத்துகளின் ஓரம் சோப்புக்கட்டியில் அழுத்தியதுபோல வழவழவென்று உருண்டிருப்பதும் அப்படியே. 1907 உயர் புடைப்பு இருபது டாலரில் ஒரு பேர்போன போலி உண்டு, செய்தவன் கழுகின் நகத்தில் கிரேக்க ஒமேகா எழுத்தைக் கையெழுத்தாக விட்டிருக்கிறான். அவ்வளவு நேர்த்தியான வேலை, நெடுங்காலம் நிபுணர்களையே ஏமாற்றியது.

லென்ஸே தேவைப்படாத ஒரு சோதனையும் உண்டு. 1912-இல் மாநிலங்கள் 48 ஆனபோது, இருபது டாலரின் முகப்பைச் சுற்றிய நட்சத்திரங்களையும் பத்து டாலரின் விளிம்பு நட்சத்திரங்களையும் 46-இலிருந்து 48 ஆக்கினார்கள். ஆண்டும் நட்சத்திர எண்ணிக்கையும் ஒத்துப்போகாத காசை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அச்சகக் குறி, ஐந்து டாலரிலும் இரண்டரையிலும் கழுகுப் பக்கம், கீழே இடதுபுறம், அம்புக் கட்டின் நுனிக்கு முன்னால். இருபது டாலரில் முகப்பில், ஆண்டுக்கு மேலே. குறி இல்லாவிட்டால் பிலடெல்பியா; டி டென்வர், எஸ் சான் பிரான்சிஸ்கோ. ஐந்து டாலர் வரிசையில் ஓ, நியூ ஆர்லியன்ஸ், 1909-இல் மட்டும்தான், 34,200 காசுகள். அதே ஆண்டு டென்வர் 34 லட்சத்துக்கு மேல் அடித்தது, இந்த வரிசையிலேயே மிகச் சாதாரணமான காசு அது. எனவே ஓ உள்ள காசு என்று யாராவது நீட்டினால் குறியைச் சுற்றி ஒட்டின தடம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இரண்டரை டாலரில் 1911 டென்வர், 55,680. அதில் டி எழுத்தே பல காசுகளில் அரைகுறையாகத்தான் விழுந்திருக்கிறது. தெளிந்த டி-க்கும் மங்கிய டி-க்கும் விலை வேறு.

எவ்வளவு அச்சானது என்பதை மட்டும் வைத்து விலை பேச முடியாது. 1933 ஏப்ரல் 5-ஆம் தேதி அப்போதைய அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், மக்கள் கையில் உள்ள தங்கத்தை ஒப்படைக்கச் சொல்லி ஆணை போட்டார். காசு சேர்ப்போரின் அபூர்வக் காசுகளுக்கு விலக்கு உண்டு. அடுத்த வருஷம் அவுன்ஸ் 20.67 டாலரிலிருந்து 35 ஆனது. கருவூலத்தில் இருந்தவை உருக்கப்பட்டன. 1929 ஐந்து டாலர் 6,62,000 அச்சாகியும் இன்று அரிது, பெரும்பகுதி வெளியே வரவேயில்லை. மாறாக ஐரோப்பிய வங்கிகளுக்குப் போன இருபது டாலர்கள் பிழைத்துத் திரும்பி வந்தன. 1924, 1927 ஆண்டு பிலடெல்பியாக் காசுகள் நல்ல நிலையிலேயே தாராளமாகக் கிடைப்பது அதனால்தான். 1927 டென்வர் காசு 1,80,000 அச்சாகி, இன்று பத்துப் பதினைந்துக்குப் பக்கத்தில் மட்டுமே இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் கருத்து: 1909 டென்வர் ஐந்து டாலர், ஏயூ 55 அல்லது 58. பவுன் விலைக்கு மேல் அதிகம் கொடுக்க வேண்டியதில்லை, பதிந்த உருவத்தில் ஒளி பார்க்கக் கை பழகும். நாலு பவுன் பணம் கையில் இருந்தால் 1924 இருபது டாலர் 63 அல்லது 64. ஐந்து டாலரில் 65-ஐத் தொடக்கத்திலேயே துரத்த வேண்டாம்.

பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு அமெரிக்கத் தர நிறுவனங்களில் ஒன்று தரம் பார்த்து, ஸ்லாப் என்ற மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்ததாகவே வாங்குங்கள். ஸ்லாபுக்கும் போலி உண்டு. ஸ்லாபில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் உள்ள காசின் தழும்புகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஸ்லாப் இல்லாத காசை இங்கே வாங்கிப் பிறகு அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் பார்க்கலாம் என்ற திட்டம் வேண்டாம். 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டத்தில் நூறாண்டு கடந்த காசு பழம்பொருள், தனியாள் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. 1908 காசு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தாலும் விமான நிலையத்தில் சொல்லி, சுங்கம் கட்டி, ரசீது வாங்க வேண்டும். பயணிகள் சுங்கமே கட்டாமல் கொண்டுவரும் சலுகை நகைக்குத்தான், காசுக்கு இல்லை. அந்த ரசீதைக் காசோடு சேர்த்து வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.

வைக்கும் இடம் பற்றி ஒரு விஷயம் மட்டும். கடையில் தரும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறை பிவிசி. நம் பக்கம் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவ மழை பிடித்தால் அது வியர்த்து, பச்சைப் பசை கக்கி, காசில் உள்ள செம்பைப் பிடிக்கும். ஸ்லாப் இல்லாத காசை மடமடவென்று சத்தம் போடும் மைலார் உறையில் போட்டு, டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் வையுங்கள். மழை முடிந்ததும் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.